காயில் வைக்கும் இடம்

சவுதியின் யான்புவுக்கு எலெக்ட்ரீஷியனாக வந்து மூன்றே மாதம் ஆகியிருந்த கிறிஸ்துதாஸை, இன்ஜினீயர் விஜயபாஸ்கர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தன் வீட்டுக்கு அழைத்தார். சமையலறையில் ஒரு பெரிய ஸ்டீல் அண்டா. அதனுள்ளே ஹீட்டர் காயில்.

"பீர் காய்ச்சத்தான். காயில் அடிக்கடி எரிஞ்சுபோகுது. என்ன தப்புன்னு பாரு."

கிறிஸ்துதாஸ் வாசல் பக்கம் நகர்ந்தான். "சார், இங்க இது பிடிச்சா ஜெயிலுல்லா? என்னை விட்டிருங்க."

"நீ தொடவே வேண்டாம். வாயால சொன்னா போதும்."

மேலதிகாரி பேச்சைத் தட்ட முடியுமா? எட்டிப் பார்த்தான்.

"இவ்வளவு மேல வச்சா கொதிச்சு வத்தும்போ காயில் வெளிய வந்து எரியத்தான் செய்யும். அடியிலயிருந்து மூணு விரல் விட்டு, இந்தா, இங்க வைக்கணும்" என்று அண்டாவில் பென்சிலால் கோடும் போட்டுக் காட்டினான்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. அதுவரை ஒளிந்து நின்று பார்த்த, தமிழ் தெரியாத கம்பெனி செக்யூரிட்டி அதிகாரி வந்து அவன் கையைப் பிடித்தார்.

விஜயபாஸ்கர் தலைகுனிந்தார். "நேத்து சோதனையில மாட்டிக்கிட்டேன். நான் லீவுல போனப்ப வீட்டுச் சாவி உன்கிட்ட இருந்துச்சு, நீதான் காய்ச்சினதுன்னு சொல்லிட்டேன். பிள்ளைங்க இங்க படிக்குதுப்பா, மன்னிச்சிடு."

"ஐயோ, இந்த அண்டாவ நான் இப்பதான சார் பாக்கேன்! அவருகிட்ட சொல்லுங்க!"

என்ன சொல்கிறான் என்று அதிகாரி அரபியில் கேட்டார். விஜயபாஸ்கர் நீளமாக மொழிபெயர்த்தார். மூன்று மாதத்தில் கிறிஸ்துதாஸ் கற்றிருந்த சொற்களில் ஒன்றுதான் அதில் அவன் காதில் விழுந்தது.

"ஐவா."

ஆமாம் என்று அர்த்தம்.