அழுகைக்குத் தனி அறை

எங்கள் ஆடிட் நிறுவனத்தில் மகிழ்ச்சி கட்டாயம். எல்லாரும் கட்டியிருக்கும் மணிக்கட்டுப் பட்டை பச்சையாக எரிய வேண்டும், துக்கப்பட்டால் சிவந்துவிடும். 'வேலை செய்யச் சிறந்த இடம்' விருதுக்காக நடுவர்கள் வந்திருந்த மதியம், பக்கத்து இருக்கை யாழரசிக்கு அப்பா இறந்த செய்தி வந்தது.

மனிதவள மேலாளர் ஓடிவந்தார். "கொஞ்சம் பொறும்மா, அவங்க கிளம்பினதும் அழலாம். தனி ரூமே இருக்கு, ஏசி போட்டு." பிறகு என்னிடம், "சார், ஒரு ஜோக் சொல்லி சிரிக்க வைங்க."

"என் ஜோக்கைக் கேட்டா எல்லார் பட்டையும் சிவந்துடும் சார்."

யாழரசியின் பட்டையைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். "நீ வீட்டுக்குப் போம்மா." அவள் அழுதபடி ஓடினாள்.

எனக்கும் துக்கம்தான். ஆனாலும் இரண்டு பட்டைகளும் பச்சையாகவே எரிந்தன. மேலாளர்கள் சொன்னதற்கெல்லாம் பல்லைக் காட்டிப் பழகிய உடம்புக்கு அழத் தெரிந்தால்தானே! விருது எங்களுக்கே கிடைத்தது.