இடது சிலிண்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, பதினான்கு மாதமாகச் செத்துக் கிடந்த வண்டி ஸ்டார்ட் ஆகித் தொலைத்தது.

ஆகித் தொலைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சாதாரண வண்டி இல்லை. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த ரெட்டை சிலிண்டர் பைக். முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி. பின்னால் பக்கத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். எடை, ஒரு எருமையும் அதன் சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு.

வயது இருபத்தெட்டு. என் மகளைவிட இரண்டு வயது சின்னது.

பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ரிட்டையரான கையோடு வாங்கி வந்து ஹாலில் நிறுத்தினேன். ஹாலில் எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் கார்புரேட்டர். துணி அலமாரியில் செயின். மெத்தையின் ஒரு பாதியில் கிழிந்த பழைய ஸீட் படுத்திருந்தது, மறுபாதியில் நான். கழற்றிய போல்ட்டுகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்து இரண்டு மிஞ்சும். எப்படி மாட்டினாலும் இரண்டு மிஞ்சத்தான் செய்யும்.

மகள் கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். ஞாயிறு பத்து மணிக்கு போன் செய்வாள்.

வண்டி வருவதற்கு முன்னால் எங்கள் பேச்சு இப்படி: சாப்பிட்டியாப்பா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டியா, போட்டேன், சரி வச்சிடவா. நாற்பது விநாடி. கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன்.

வண்டி வந்த பிறகு முக்கால் மணி நேரம்!

ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாத பெண், இப்போது வால்வு இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். அதுவும் முப்பத்தெட்டு வருடம் மில்லில் ஃபிட்டராக இருந்த எனக்கு. ஹலோ என்று சொல்வதையே விட்டுவிட்டாள். எடுத்ததும், "என்னப்பா, ஸ்பார்க் வருதா?"

அவள் பக்கத்தில் வேறு பேச்சுக்குரல் கேட்டதே இல்லை. ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமும். கம்ப்ரஸர் இன்னும் மூன்று மாதம்தான் தாங்கும் என்று ஒருமுறை ஜோசியம் சொன்னேன். என்னைப் பொய்யனாக்குவதற்கென்றே எட்டு மாதமாக உறுமிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி போன மாதமே ஓடியிருக்கும். இரண்டு ஸ்பார்க் பிளக்கும் என் சட்டைப் பையில் இருந்தன.

"வரலைம்மா" என்று வாராவாரம் சொன்னேன். அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. சட்டைப் பையில் ஸ்பார்க் எப்படி வரும்?

இன்று காலை அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டேன். கையில் இரண்டு பிளக். எங்கே வைப்பது? நான் யோசித்து முடிப்பதற்குள் ஃபிட்டர் கை அவற்றை இருக்க வேண்டிய இடத்திலேயே முடுக்கிவிட்டது. அதோடு நிற்காமல் ஸ்டார்ட்டரையும் அமுக்கிவிட்டது.

திறந்திருந்த எட்டு சன்னல்களும் ஆடின. தெரு நாய்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன.

ஒரே நிமிடம்தான். பிறகு இன்ஜின் உதறல் அடங்கி, அவ்வளவு அழகாக ஓடியது. ஸீட்டின் மேல் வைத்திருந்த டீ டம்ளரில் ஓர் அலைகூட இல்லை.

வண்டி ஓடிவிட்டது என்றால் அடுத்த ஞாயிறு எதைப் பற்றிப் பேசுவது? சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா?

அணைக்கலாம் என்றால் சாவித்துளை எப்போதோ உடைந்துவிட்டது. வயரை நேராக முறுக்கி, மேலே ஏழு சுற்று டேப் ஒட்டியிருந்தேன். பிரளயமே வந்தாலும் பிரியாத டேப். பெட்ரோல் குழாயை மூடினேன். கார்புரேட்டரின் வயிற்றில் மிச்சம் இருப்பது தீர இன்னும் நாலு நிமிடம் ஆகும்.

போன் அடித்தது.

எடுக்காமல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு போன் செய்து கதவை உடைக்கச் சொல்வாள். சமையலறைக்கு ஓடினேன். பெயின்ட் காய்வதற்காக நானே சாத்தி வைத்திருந்த மட்கார்டு குறுக்கே நின்று, கதவு பாதிதான் மூடியது.

"என்னப்பா, ஸ்பார்க் வருதா?"

"வரலைம்மா. மூச்சே விடல."

இன்று சொன்னது பொய்.

அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் உறுமியது. இந்தப் பக்கம் வண்டி உறுமியது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன.

"அது என்னப்பா சத்தம்?"

"பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார்மா. எழவு, காலையிலேருந்து ஓடுது."

மறுபடியும் ஃப்ரிட்ஜ். வெகுநேரம் ஃப்ரிட்ஜ்.

"அப்பா, அந்தத் தண்ணி மோட்டார்ல இடது சிலிண்டர் சரியா அடிக்கல. நல்லாக் கேட்டுப் பாரு. ரெண்டு கார்புரேட்டரையும் கழட்டிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எப்படியும் ஆறு மாசம் ஆகும்பா."

பாதி மூடிய கதவு வழியாக ஹாலைப் பார்த்தேன். ஸீட்டின் மேல் டீ டம்ளர் இருந்தது. விளிம்பு வரை டீ. ஓர் அலைகூட இல்லை.

"ஆமாம்மா," என்றேன். "எனக்கும் அப்படித்தான் கேக்குது."