நாலாவது விலாசம்

“நேத்து வெள்ளத்துல ஒரே வீட்டுக்கு நாலு படகும் போச்சு. பக்கத்துத் தெருவுல ஒரு உசுரு போயிடுச்சும்மா,” என்றார் மீட்புப் படகுகளின் தலைவர், போனில்.

“இனிமே போகாதுண்ணே. நான் அனுப்பின லிங்க்கைத் தொடுங்க. நான் பேசினா நாலு படகுக்கும் கேட்கும். கிட்ட இருக்கிறவர் ‘நான் போறேன்’னா மத்தவங்களுக்கும் கேட்கும்,” என்றாள் நாலு படகையும் இணைக்கும் செயலியை அமைத்தவள்.

“கரையில உட்கார்ந்துக்கிட்டு யார் வேணாலும் உத்தரவு போடலாம்!” என்றார் தலைவர்.

அவள் சிரித்தாள். மூன்று விலாசங்களை அறிவித்தாள். மூன்று படகுகள் பிரிந்து போயின.

“நாலாவது, மில் தெரு கடைசி வீடு. ஒரு ஆள். மார்பளவு தண்ணி.”

“நான் போறேன்,” என்றார் தலைவர்.

அந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவள், “இந்தப் பக்கம்ணே!” என்றாள். அதே குரல்.

“நீயா? முதல்லயே சொல்லக் கூடாதா?”

“மத்த மூணு வீட்லயும் குழந்தைங்கண்ணே. நான் நெட்டைக்கொக்கு. கழுத்துக்கு வர இன்னும் நேரமிருந்துச்சு.”