மீன் வாடை

"வளைவுல காரு அலையுதுண்ணே. வைத்திக்குப்பத்து மீனு நாறிப்போறதுக்குள்ள மெட்ராஸ் போயாவணும்," என்றான் புதிதாய் வந்த மீன் வியாபாரி சுப்பராயன்.

மெக்கானிக் சக்கரபாணி, கூடப்பிறந்தவனுக்குச் செய்வதுபோல் செய்தார். முன்சக்கரச் சாய்மானத்தைத் திருத்தினார், ஸ்பிரிங்கைத் தாழ்த்தினார், ஸ்டியரிங்கின் ஆட்டத்தை எடுத்தார். அதுவரை தன் காருக்கு மட்டுமே செய்திருந்த வேலை.

"கனகசெட்டிக்குளம் தாண்டுன வளைவுல பிரேக்கே தொடவேணாம். நம்ம ரெண்டு பேரத் தவிர எவனாலயும் முடியாது தம்பி."

வெள்ளிக்கிழமை, சாராயப் புட்டிகளோடு, மதுவிலக்கு இருந்த மெட்ராஸ் மாகாண எல்லைக்குள் நுழைந்த சக்கரபாணி, வேகம் குறைக்காமல் அந்த வளைவில் திரும்பினார். பின்னால் வந்த காரும் அப்படியே திரும்பி, முந்திவந்து மறித்தது.

மதுவிலக்குப் போலீஸ் உடுப்பில் இறங்கினான் சுப்பராயன்.

"கைய வச்சாலே திரும்புதுண்ணே!"

பத்து நாள் அந்தக் காருக்கடியில் கிடந்தும் மீன் வாடையே அடிக்கவில்லை என்பது, சக்கரபாணிக்கு அப்போதுதான் உறைத்தது.