ஆட்சேபணைக் கடிதம்

"இதை யாருக்கும் தரக் கூடாது, சார். ஆட்சேபணையை எழுதியே கொண்டுவந்திருக்கேன்" என்று தகவல் அதிகாரியின் மேஜையில் கடிதத்தை வைத்தாள் அந்த விஞ்ஞானி.

அவள் மூன்று வருடம் உழைத்து எழுதிய ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் அது. அதன் நகல் வேண்டுமென்று யாரோ தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருந்தார்கள்.

"கேட்டது அந்த எதிர் லேப்காரன்தானே? நான் உழுது விதைப்பேன், அவன் வந்து அறுத்துட்டுப் போவானா?"

"பேரைச் சொல்ல விதியில இடமில்ல, மேடம்."

கைபேசி சிணுங்கியது. அவள் கணவன்.

"போன வேலை என்னாச்சும்மா?"

"ஆபீஸ் விஷயம். சொன்னாலும் உங்களுக்குப் புரியாது, வைங்க."

அதிகாரி மனுவை எடுத்தார். "பேரைத்தான் காட்டக் கூடாது. கேட்காமலே காரணமும் எழுதியிருக்காங்க, படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க." பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அவள் பக்கம் திருப்பினார்.

'மூன்று வருடமாக ராப்பகலாக இதைத்தான் எழுதினாள். என்ன என்று கேட்டால், சொன்னாலும் உங்களுக்குப் புரியாது என்கிறாள். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். மெதுவாகப் படித்தால் கொஞ்சமாவது புரியும் என்று நினைக்கிறேன்.'

அவள் தன் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நகல் எப்போ கொடுப்பீங்க, சார்?"

"ஆட்சேபணை இல்லேன்னா முப்பது நாள்ல."

"அவ்வளவு நாள் அவரைக் காக்க வைக்க வேண்டாம்" என்றவள் கைபேசியை எடுத்தாள்.

"என்னங்க, வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. உங்களுக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும்."