இடப்பக்கமாய் ஒரு சுற்று

கையில் பூட்ஸ், கக்கத்தில் தொப்பி, வெறுங்கால். விடிந்தும் விடியாத மூடுபனியில், என்றோ இடிந்துபோன மடாலயத்தை ஃபெஸ்டி சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தால், ‘ஆகா, என்ன பக்தி!’ என்று வாயைப் பிளப்பீர்கள்.

பக்தியாவது மண்ணாவது! அந்த மடாலயத்தை வலமாகச் சுற்றினால் வேண்டுதல். இடமாகச் சுற்றினால் சாபம். ஃபெஸ்டி சுற்றியது இடமாக.

மதியம் ஹர்லிங் மட்டையாட்ட இறுதிப்போட்டி. கில்பிராக்கன் அணிக்கு ஃபெஸ்டி பயிற்சியாளர். எதிரணியான டெரிமாயிலுக்கு அவன் மச்சான். மூன்று வருஷமாகக் கோப்பை மச்சான் வீட்டில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விருந்தில் வேண்டுமென்றே அதில் குழம்பை ஊற்றி ஃபெஸ்டிக்கு முன்னால் வைப்பான், படுபாவி. இன்றும் தோற்றால் பயிற்சியாளர் பதவியும் போய்விடும்.

பின்னாலேயே, வெறுங்காலில் கல் குத்த நொண்டிக்கொண்டு வந்தான் கோல்கீப்பர் கோர்மக்.

“அண்ணே, சாமிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு.”

கிளப்புக்குத் தலைவரே பங்குச் சாமியார் டூலன்தான். ‘எவனாவது இடப்பக்கம் சுத்திச் சாபம் விட்டான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே கிளப்பை விட்டுத் துரத்திடுவேன்’ என்று போன ஞாயிறு பிரசங்கத்தில் முழங்கியிருந்தார்.

“அவரு இந்நேரம் குறட்டை விட்டுக்கிட்டு இருப்பாரு. நீ வாயை மூடிக்கிட்டு, என் மச்சானுக்குக் காலு சுளுக்கணும்னு நெனச்சுக்கிட்டே நட.”

“உங்க மச்சான் ஆட்டத்துலயே இல்லையே அண்ணே?”

“பரவால்ல, சுளுக்கட்டும்.”

மூலைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. கோர்மக் ஃபெஸ்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“ஆடுடா, ஆடு.”

“ஆடு மூக்கு சிந்துமா அண்ணே?”

“டேய், யாராச்சும் வேண்டுதலுக்கு வந்திருந்தா வலமா வருவாங்க. இந்நேரம் நேருக்கு நேரா வந்து நம்ம மூஞ்சியில முட்டியிருக்க மாட்டாங்க? பேசாம நடடா!”

நடந்தார்கள். இருமல் மட்டும் எப்போதும் ஒரு மூலை முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

கோபுர மூலை திரும்பினார்களோ இல்லையோ, ஃபெஸ்டி பூட்ஸைக் கீழே போட்டுவிட்டான். ஏதோ ஒரு பழங்காலத்து ஆயரின் கல்லறைமேல் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் டூலன் சாமியார். தலை நிமிர்ந்தார். இவர்களைப் பார்த்தும்விட்டார்.

தொலைந்தோம்! பதவியும் போச்சு, மானமும் போச்சு, இனி ஆயுசுக்கும் மச்சான் வீட்டுக் குழம்புதான் என்று ஃபெஸ்டிக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று கோர்மக்கின் பிடரியைப் பிடித்து, வந்த வழியே திருப்பினான்.

“சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க! நாங்க சும்மா ஒரு வேண்டுதலுக்கு... இதோ, வலமாத்தான் சுத்தப் போறோம்!”

சாமியார் பதறிப்போய் ஒற்றைக் காலில் எழுந்தார்.

“அடப் பாவிகளா, திரும்பாதீங்கடா! நாம மூணு பேரும் சுத்துனதெல்லாம் வீணாப் போயிடும்!”