சோளக்காட்டுச் சத்தம்

"பன்னி!" என்றொரு கத்தல், கூடவே 'டுமீல்'. சோளக்காட்டில் சுருண்டு விழுந்தது காட்டுப்பன்றி அல்ல, வரப்புத் தகராறில் இருந்த பங்காளி அங்கமுத்து.

"பன்னின்னு நெனச்சுச் சுட்டுட்டேன்" என்ற செங்கோடனை நம்பாமல், கீழ்க்கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அவன் வக்கீல் அந்தக் கத்தலையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அரசுத் தரப்பு சாட்சிகளே கேட்டிருக்காங்க, மை லார்ட். பன்னியைப் பார்த்தவர்தானே பன்னின்னு கத்துவார்?"

நீதிபதிகள் இருவரும் தலையசைத்தார்கள். ஜாமீனில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செங்கோடனுக்கு முகமெல்லாம் பல். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான் அவன் நண்பன் மாரப்பன். பூரிப்பில் இடம் மறந்து செங்கோடன் கத்தினான்:

"வாடா பன்னி, உனக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?"